கணினி கற்றோம்... கணக்குக் கற்றோமா?



இறுதியாண்டு வந்துவிட்டால் நம் கேன்டீனில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கேம்பஸுக்கு எந்தக் கம்பெனி வருது?" இந்த வருடம் இன்னொரு குரலும் சேர்ந்திருக்கிறது. "எவன்கிட்டயும் கைகட்டி நிக்க வேணாம்டா, நாமே சொந்தமா சாஃப்ட்வேர் செஞ்சு குடுக்கலாம்!" அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன். சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்தேன். அடியும் பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் நைனா காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா தன் கம்மலைச் சேட்டு கடையில் வைத்துத்தான் எனக்குப் பழைய லேப்டாப் வாங்கித் தந்தார். அந்த லேப்டாப்பை வைத்து எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு லாரி ஆபீசில் வேலை பிடித்தேன். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றும் ட்ரெய்லர்களுக்கு ட்ரிப் ஷீட் போடும் புரோகிராம். டீசல், டிரைவர் பேட்டா, யார்டு வாசலில் காத்துக்கிடந்த நேரத்துக்கான கணக்கு எல்லாம் வர வேண்டும். 25,000 ரூபாய் பேசினோம். பேசினோம், அவ்வளவுதான். எழுதவில்லை!

முன்பணம் 5,000 வந்தது. ஆறு வாரத்தில் முடித்துக் கொடுத்தேன். "அப்படியே டயர் கணக்கையும் சேத்துடு தம்பி" என்றார்கள். சேர்த்தேன். "இன்சூரன்ஸ் தேதி வந்தா மெசேஜ் போற மாதிரி..." அதையும் செய்தேன். பிறகு "அடுத்த வாரம் வா" ஆரம்பமானது. எத்தனை அடுத்த வாரம்! கடைசியில் இன்னொரு 8,000 கிடைத்தது. மீதி இன்றுவரை இல்லை.

வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாலு மாதத்தில் வந்தது 13,000. நெட், சர்வர் வாடகை, பஸ், கெட்டுப்போன சார்ஜர் என்று போனது 4,300. மிச்சம் 8,700. மாதத்துக்கு 2,175 ரூபாய்! ஐஸ் உடைக்கப் போயிருந்தால்கூட இதைவிட அதிகம் கிடைத்திருக்கும். "இன்னாடா, துட்டு குடுத்தானா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை இருப்பதுபோல் நடித்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தண்டல்காரருக்கு எத்தனை நாள் கட்டியாயிற்று, எத்தனை நாள் பாக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மூன்று கம்ப்யூட்டர் மொழி தெரிந்த எனக்கு என் வரவு செலவு தெரியவில்லை.

நண்பர்களே, ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். படகு கரைக்கு வந்து மீன் ஏலம் போனதும் யாராவது மொத்தப் பணத்தையும் பங்கு போடுகிறார்களா? டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கழித்துத்தான் ஓனருக்கும் ஆட்களுக்கும் பங்கு. நான் வந்த 5,000-ஐ அப்படியே வருமானம் என்று நினைத்து, நண்பர்களுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்!

இன்னொன்று தடைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61. அதாவது வருடத்தில் ஆறில் ஒரு பங்கு. தேதி முன்கூட்டியே தெரிந்தும் எங்கள் தெருவில் மே மாதம் எத்தனை வீட்டில் நகை அடகுக்குப் போகிறது! சாஃப்ட்வேர்காரனுக்குத் தடைக்காலம் எந்தத் தேதியில் வரும் என்று எந்த அரசாணையும் சொல்லாது. ஆகவே நமக்கு ஆறில் ஒன்று போதாது, வருகிற பணத்தில் மூன்றில் ஒன்றைத் தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. வீட்டுச் செலவுக் கணக்கும் தொழில் கணக்கும் ஒரே பாஸ்புக்கில் கிடக்கக்கூடாது.

கூலி பேசுவதிலும் நாம் ஏமாறுகிறோம். மாதம் 20,000 வேண்டும், 25 நாள் வேலை, அப்போ ஒரு நாளைக்கு 800 என்று பேசிவிடுகிறோம். ஆனால் காசு வரும் வேலையைப் பாதி நாள்தான் செய்வோம். மீதி நாள் ஆள் தேடவும், பிழை திருத்தவும், பாக்கி கேட்டு அலையவும் போய்விடும். பன்னிரண்டு நாளில் அந்த 20,000-ஐ எடுக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 1,667 ரூபாய்க்குக் குறையக்கூடாது. இதைக் கேட்க வாய் கூசும். எனக்கும் கூசியது.

சட்டம் நம் பக்கம் இருப்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு செய்த குறுந்தொழில்காரருக்கு, ஒப்பந்தம் எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி! 2020 ஜூலையிலிருந்து உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். வேலை தொடங்கும் முன்பே நான் பதிந்திருந்தால் லாரி ஆபீஸ் வாசலில் அப்படி நின்றிருக்க மாட்டேன். அதேபோல் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்பு. சம்பள வேலையில் இருந்து எழுதினால் அது முதலாளிக்கு. வெளியிலிருந்து எழுதிக் கொடுத்தால், கையெழுத்துப் போட்டு மாற்றித் தராதவரை உரிமை நமக்கே. 18 வயது முடிந்தால்தான் ஒப்பந்தம் செல்லும். நமக்கு முடிந்துவிட்டதே!

வரி என்றால் பயப்படுகிறோம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. கம்பெனி டி.டி.எஸ். பிடித்தால் அந்தப் பணம் போச்சு என்று அர்த்தமில்லை. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லையென்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பான் எண் கொடுக்கவில்லையென்றால்தான் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

விழாவுக்கு வருகிற விருந்தினர்கள் எல்லோரும் ஸோஹோ கதையைச் சொல்கிறார்கள். 1996-ல் அட்வென்ட்நெட் என்று ஆரம்பித்து 2009-ல் ஸோஹோ கார்ப்பரேஷன் ஆன கம்பெனி, டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்துப் பயிற்சி கொடுக்கிற கம்பெனி. கைதட்டுகிறோம். ஆனால் வெளியார் முதலீடு வாங்காமல், விற்று வந்த காசிலேயே வளர்ந்தார்கள் என்ற பகுதியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அந்தப் பகுதிதான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-ல் தொடங்கிய 'முரசு' தமிழ் மென்பொருளும் அப்படித்தான். அவர் உருவாக்கிய 'இணைமதி' எழுத்துரு இன்று ஆப்பிள் கம்ப்யூட்டரிலேயே வருகிறது. இடையில் எத்தனை வருடம், எத்தனை பில்! அதை யாராவது ஒரு மணி நேரம் வந்து சொன்னால் நாற்காலியில் உட்கார இடம் இருக்காது.

ஆகவே மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள்: அடுத்த வருடம் ஒரு நாள் ஆடிட்டர் ஒருவரை அழையுங்கள். பில் எழுதுவது, ஒப்பந்தம் எழுதுவது, ரிட்டர்ன் போடுவது. வேறு எதுவும் வேண்டாம். மேடை, பொன்னாடைகூட வேண்டாம்.

"அப்போ வேலைக்குப் போகாதே என்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. கேம்பஸில் வேலை கிடைத்தால் நானும் போவேன். ஆறு மாதச் செலவு கையில் சேரும்வரை ராத்திரியில்தான் சொந்த வேலை. இதைக் கோழைத்தனம் என்று என் பெஞ்ச் நண்பன் சொல்கிறான். அவன் வீட்டில் கம்மல் அடகில் இல்லை.

போன மாதம் ராயபுரத்தில் ஒரு வலைக்கடைக்குச் சரக்குக் கணக்குப் புரோகிராம் பேசியிருக்கிறேன். இந்த முறை ஒரு பக்கத்தில் எழுதி எடுத்துப் போனேன். என்னென்ன செய்வேன், கூடுதலாகக் கேட்டால் எவ்வளவு, எந்தத் தேதியில் பணம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே படித்து, கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை படித்து, கையெழுத்துப் போட்டார். பாதிப் பணம் அன்றே வந்தது. மீதி 20-ஆம் தேதி. நைனா அன்று கரையில் இருப்பார். "நானும் கூட வரட்டாடா?" என்று கேட்டார். வேண்டாம் நைனா, பேப்பர் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன்.