மழலையர் வகுப்பில் யாருடைய மழைக்காலம்?

கடந்த நவம்பரில் விழுப்புரம் பக்கம் ஒரு மழலையர் வகுப்புக்குப் போயிருந்தோம். எங்கள் மாலை நேரப் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் அங்கேதான் படிக்கிறார்கள். அந்த மாதத்தின் கருப்பொருள் மழைக்காலம். சுவரில் நான்கு பருவங்களின் படம்: வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம். குளிர்காலத்தில் பஞ்சு ஒட்டிய பனிமனிதன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகள் குடைப் படத்துக்கு வண்ணம் தீட்டினார்கள், காகிதக் கப்பல் செய்தார்கள், மழையைப் போகச் சொல்லும் ஆங்கிலப் பாட்டைப் பாடினார்கள். பிறகு ஆசிரியை, "மழை பெஞ்சா உங்க வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். ஒரு பிள்ளை பஜ்ஜி என்றது. இன்னொன்று டி.வி. பார்ப்போம் என்றது. காலனியிலிருந்து வரும் நான்கு வயதுப் பெண்பிள்ளை எழுந்து, "ஈசல் புடிப்போம் மிஸ். ஆயா வறுத்துக் குடுக்கும்" என்றாள்.

"ச்சீ, அதெல்லாம் பூச்சி. சாப்பிடக் கூடாது" என்றார் ஆசிரியை. வகுப்பே சிரித்தது. அதன் பிறகு நாங்கள் அங்கே இருந்த அரை மணி நேரமும் அந்தப் பிள்ளை வாய் திறக்கவில்லை.

அந்த ஆசிரியை கெட்டவர் அல்ல. பிள்ளைகளை அடிப்பதில்லை, தனித்தனியாக உட்கார வைப்பதில்லை. சாதி பார்க்கிறீர்களா என்று கேட்டிருந்தால் உண்மையாகவே மனம் நொந்திருப்பார். (வட மாவட்டங்களில் ஈசல் ஊர்த்தெருவிலும் வறுபடுகிறது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். அங்கே யாரும் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.) அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது. சமூகவியலில் மறைமுகப் பாடத்திட்டம் என்றொரு சொல் உண்டு. புத்தகத்தில் இல்லாததை வகுப்பறை கற்றுக்கொடுக்கும் விதத்துக்கு அந்தப் பெயர். 'மழைக்காலம்' என்ற ஒரு பாடத்தில் அன்று இரண்டு பாடங்கள் நடந்தன. பஜ்ஜி வீட்டுப் பிள்ளை தன் வீடு வகுப்பறைக்குள் வரலாம் என்று கற்றது. ஈசல் வீட்டுப் பிள்ளை தன் வீட்டை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்று கற்றது.

கருப்பொருள் முறையைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பாட்டு, கதை, மணல், வண்ணம், விளையாட்டு என்று எல்லா வழியிலும் அதைத் தொடுவது மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு ஏற்ற முறைதான். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளுக்கான 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் இந்த வழியில் அமைந்ததே. அந்தப் பொருளுக்குள் யாருடைய வாழ்க்கை நிரப்பப்படுகிறது என்பதே நம் கேள்வி.

பனிமனிதனை விடுங்கள், அவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. நமக்குக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவங்கள் இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழைதான் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருகிறது. இதைச் சொன்னால் தமிழ்ப் பற்றாளர்கள் உடனே தலையாட்டுவார்கள், படத்தையும் மாற்றிவிடுவார்கள். ஆனால் படத்தைத் தமிழாக்கிய பிறகும் சேரி அதில் வராது.

பொங்கலைப் பாருங்கள். தை மாதக் கருப்பொருள் அறுவடை. 'விவசாயி' வேடம் போடும் பையனுக்குத் தலைப்பாகை, மீசை, தோளில் கலப்பை. அவன் நிலத்துக்குச் சொந்தக்காரன். நாற்றுப் பறித்தவள், நடவு நட்டவள், களை எடுத்தவள், அறுத்துக் கட்டுக் கட்டியவள் யாரும் மேடையில் இல்லை. இந்த வேலைகளைச் செய்பவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத கூலிப் பெண்கள். அவர்களில் நம் அம்மாக்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்த அம்மாவின் மகள் மேடைக்குக் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறாள். இதற்கு நடுவே வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டியவற்றின் பட்டியல் ஒன்று வரும்: பட்டுப் பாவாடை, கரும்பு, சிறிய பித்தளைப் பானை. அந்த நாளில் காலனிப் பிள்ளைகள் பலருக்குக் 'காய்ச்சல்' வருவது எங்களுக்குப் பழகிப்போன செய்தி.

போகிக்குப் பிள்ளைகள் தட்டும் சின்ன மேளம் சென்னைக் கடைத்தெருவில் குவிந்து கிடக்கும். அதைத் தட்டினால் பண்டிகை. பறையை எடுத்து வந்தால் மட்டும், 'இது எதுக்கு இங்க?' என்று கேட்பார்கள்.

மழைக்காலத்துக்கே திரும்புவோம். காகிதக் கப்பல் விடும் தண்ணீர், நம் காலனிகள் பலவற்றில் வீட்டுக்குள் வரும் தண்ணீர். நிலம் ஒதுக்கும்போது பள்ளத்தையும் ஏரியின் வடிகால் ஓரத்தையும் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது தனிக் கட்டுரைக்கான விசயம். இரவெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் காலையில் மழை ஒரு வண்ணக் குடையாகவே காட்டப்படுகிறது.

பருவம் என்பது சில பிள்ளைகளுக்கு ஊரை விட்டுப் போவதாகவும் இருக்கிறது. பொங்கலை ஒட்டிச் செங்கல் சூளைகளில் வேலை சூடு பிடிக்கும். முன்பணம் வாங்கிய குடும்பங்கள் பிள்ளைகளோடு திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் சூளைகளுக்குப் போகின்றன. கரும்பு வெட்டப் போகிறவர்களும் உண்டு. தலித், இருளர் குடும்பங்கள் இதில் நிறைய. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 முதல் இருக்கிறது, முன்பணமும் இருக்கிறது. கோடைக் கருப்பொருளில் வகுப்பு தர்பூசணி வரையும்போது அந்தப் பிள்ளை அச்சுக்கல் காயும் களத்தில் இருக்கும். ஜூனில் திரும்பி வந்தால் 'இந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல' என்று பெயர்.

இதைக் கேள்வி கேட்கச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009 ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களின் கல்வி 2002இன் 86ஆவது திருத்தத்துக்குப் பிறகு அரசமைப்பின் 45ஆவது பிரிவில், வழிகாட்டு நெறியாக மட்டும் நிற்கிறது. வழக்குப் போட்டுக் கேட்கும் அடிப்படை உரிமை அல்ல. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இலேயே பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளில் அங்கன்வாடி அமைய வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் பகுதி மையம் எந்தத் தெருவில் இருக்கிறது, யார் வீட்டுப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள், யார் வீட்டார் சேரியில் இருக்கிறது என்பதற்காகவே அனுப்ப மறுக்கிறார்கள் என்று கல்லூரி விடுமுறையில் ஊருக்குப் போகும் தோழர்கள் ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, அதில் நாங்களே ஒருமுறை விழுந்தோம். 'பிள்ளையின் வாழ்க்கையை வகுப்பறைக்குள் கொண்டுவருவோம்' என்று உற்சாகமாகக் கிளம்பி, எங்கள் படிப்பகத்தில் 'உங்க அப்பா இந்த மாசத்துல என்ன வேலை செய்வார்?' என்று வட்டமாக உட்கார வைத்துக் கேட்டோம். நான்காவது பிள்ளையில் புரிந்துவிட்டது, நாங்கள் சாதிக் கணக்கெடுப்பு நடத்திக்கொண்டிருக்கிறோம் என்று. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி இந்த மண் எதிர்த்தது. 1954இல் அது கைவிடப்பட்டது. அதே குலக்கல்வியை 'குழந்தை மையக் கல்வி' என்ற புதுப்பெயரில் நாமே பின்வாசல் வழியாக அழைத்து வந்துவிடக் கூடாது. சூளைக்குப் போகும் பிள்ளைக்குச் சூளையைப் பாடமாக வைப்பது மரியாதை ஆகாது.

அதனால் இப்போது அப்பா அம்மாவின் வேலையைக் கேட்பதில்லை. பருவத்தை மட்டும் கேட்கிறோம். முதல் மழைக்குப் பிறகு என்னென்ன பூச்சி வந்தது? தட்டான் தாழப் பறந்ததா? தவளை எந்தப் பக்கமிருந்து கத்தியது? இதில் ஈசல் பிடிக்கும் பிள்ளைக்கு நிறையத் தெரியும். ஈசல் எந்நேரம் வரும், விளக்கை எங்கே வைக்க வேண்டும், இறகு எப்படி உதிரும் என்று அவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் கேட்கிறார்கள். அது அறிவியல். களிமண் பிசைவதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறோம், யார் வீட்டுப் பிள்ளைக்கும் கையில் சேறு படட்டும். தை மாதத்தில் பனங்கிழங்கு, கோடையில் நுங்குக் கூந்தலில் வண்டி. காசு கொடுத்து வாங்கிவரச் சொல்லும் எதையும் சேர்ப்பதில்லை. தாளம் பழகப் பறையை வைக்கிறோம், எல்லோரும் தட்டுகிறார்கள். ஒரு பெற்றோர் வந்து சண்டை போட்டார், பிள்ளையை நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் பிள்ளையே அழுது திரும்பி வந்தது.

எங்கள் மாதப் பலகையில் ஜனவரி 3 சாவித்திரிபாய் பிறந்த நாள். ஏப்ரல் 14இல் மாம்பழமும் வேப்பம்பூவும் இருக்கும், அவற்றோடு அம்பேத்கரும் இருப்பார். பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட விடாமல் நிறுத்தப்பட்ட ஒரு சிறுவனின் கதையை நான்கு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல முடியுமா என்று சில தோழர்கள் கேட்டார்கள். தாகம் நான்கு வயதுப் பிள்ளைக்குப் புரிகிறது. நாங்கள் சொன்னபோது ஒரு பையன் எழுந்து போய்த் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து படத்துக்கு முன்னால் வைத்தான்.

அந்த ஆசிரியையிடம் பேசினோம். முதலில் கோபப்பட்டார். பிறகு, முப்பது பிள்ளைகள், ஒரு உதவியாளர்கூட இல்லை, பனிமனிதன் படம் பள்ளி நிர்வாகம் வாங்கிக் கொடுத்தது என்றார். எல்லாம் உண்மைதான். வரும் ஐப்பசியில் அவர் வகுப்பில் ஒரு வேலை செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார். வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்களை ஊரிலும் காலனியிலுமாக ஆறு வீட்டு வாசலில் வைத்து, மழை நின்றதும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் பிள்ளைகள் வண்ண நூல் கட்டுவார்கள். எண்ணத் தெரியாத வயது, நூலைப் பார்த்து ஒப்பிடத் தெரியும். எல்லா வாசலிலும் மழை ஏறத்தாழ ஒரே அளவுதான் பெய்திருக்கும். தண்ணீர் எந்த வீட்டுக்குள் போனது என்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்கிறார்களா என்று பார்க்க நாங்களும் போகிறோம். அந்த ஆறு வாசல்களில் ஒன்று ஈசல் வறுக்கும் ஆயாவுடையது.