மேலே பார்த்து நடந்திருக்க வேண்டுமாம்!

திருவையாற்றில் எங்கே சாரம் கட்டினாலும் இந்த நியாயம் காதில் விழும்: வேலை நடக்கும் இடத்தில் கல் விழத்தான் செய்யும், வழக்குப் போட்டால் இழுக்கும், அடிபட்டவர் ஆஸ்பத்திரிச் செலவை வாங்கிக்கொண்டு ஒதுங்குவதே புத்திசாலித்தனம். வழக்கு இழுக்கும் என்பது உண்மை. மற்றதெல்லாம் தவறு.

1. "பார்த்துப் போயிருக்கலாமே?" 2025 ஜூனில் சென்னை ராமாபுரத்தில் மெட்ரோ உத்திரம் சரிந்து இறந்த பைக்காரர் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

2. "யார் தப்பென்று எப்படி நிரூபிப்பது?" 1863-இலேயே இங்கிலாந்தில் விடை வந்துவிட்டது. லிவர்பூலில் மாடியிலிருந்து மாவுப் பீப்பாய் வழிப்போக்கர் மேல் விழுந்தது. விழுந்ததே கவனக்குறைவுக்குச் சான்று என்றது நீதிமன்றம். டெல்லி சாந்தினி சௌக் மணிக்கூண்டு சரிந்த வழக்கில், 1966-இல் நம் உச்ச நீதிமன்றமும் அதையே ஏற்றது.

3. "சித்தாளுக்கு அடிபட்டால் மேஸ்திரி பாடு." இல்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் தொட்டே, முதலாளியின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. வேலையால், வேலையின்போது அடிபட்டதைக் காட்டினால் போதும்.

4. "கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாரே!" தொழிலாளி இழப்பீட்டு உரிமையைக் கைவிடும் ஒப்பந்தம் அச்சட்டம் தொட்டே செல்லாது.

5. "போலீஸுக்கு இதில் என்ன வேலை?" கட்டும்போதும் இடிக்கும்போதும் காட்டும் அலட்சியம் பாரதிய நியாய சன்ஹிதா 290-ஆம் பிரிவின்படி குற்றம்.

6. "வக்கீலுக்கு யார் கொடுப்பது?" பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினருக்கு வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும்.

ஆகவே புகார் கொடுங்கள், ரசீது வாங்குங்கள், இடத்தைப் படம் பிடியுங்கள். சமரசத்துக்கு அதன் பிறகு உட்காருங்கள்.