காத்திருக்கும் நேரமும் ஓர் அமானிதமே

 

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் அடுத்த விமானத்திற்காக எட்டு மணி நேரம் காத்திருக்கும் நம் குடும்பங்கள் பல, அந்நேரத்தைக் கடைகளிலும் கைபேசியிலும் கழித்துவிடுகின்றன. விசா உள்ளவர்கள் ரயிலேறிச் சைனாடவுன் செல்லலாம். அங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில், தமிழகக் கரையிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்கள் 1826இல் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் உள்ளது. பிழைக்கச் சென்ற ஊரிலும் தொழுகைக்கு இடம் தேடியவர்கள் அவர்கள். நாமோ பயணத்தைக் காரணம் காட்டித் தொழுகையையே தவறவிடுகிறோம். பயணிக்குச் சுருக்கித் தொழச் சலுகை உண்டு. விட்டுவிடச் சலுகை இல்லை. உள்ளூர் இமாமின் பின்னால் நின்றால் முழுமையாகவே தொழ வேண்டும். தொழுத பின் பிள்ளைகளுக்கு அம்முன்னோரைப் பற்றிச் சொல்லுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையம் திரும்புங்கள். மறுமையில் ஆயுளின் கணக்குக் கேட்கப்படும்போது, இந்த எட்டு மணி நேரமும் அதில் சேரும் அன்றோ?