கோடைப் பள்ளியும் நியாயவிலைக் கடையும்

முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர் கோடையில் சில வாரங்கள் வெளிநாடு சென்று ஒப்பியல் சமூகக் கொள்கை படிக்க விரும்பினால், நம் கல்விச்சூழலில் அவருக்கு இரண்டு அறிவுரைகள் காத்திருக்கின்றன. "எப்பாடுபட்டாவது போய்விடு, கோட்பாடு அங்கேதான் இருக்கிறது" என்பது ஒன்று. "சமூகநீதியின் தாய்வீடே இதுதான், அவர்களிடம் கற்க என்ன இருக்கிறது?" என்பது மற்றொன்று. இரண்டுமே பொய் என்பது நம் தரப்பு. முதலாவது அடிமைப் புத்தி. இரண்டாவது சோம்பலுக்குப் போர்த்திய பொன்னாடை.

இவ்விரண்டையும் கேட்டுச் சலித்த மாணவி ஒருவரை நாம் அறிவோம். அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் வசிப்பவர். குடும்பத்தின் முதல் பட்டதாரி. தனியார் கல்லூரியொன்றில் பாடம் நடத்திக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்பவர். ஐரோப்பியக் கோடைப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூலையை ஒட்டி நடக்கின்றன. நம் கோடையோ அதற்குள் முடிந்து கல்லூரி திறந்துவிடுகிறது. அவர் அங்கே மாணவியாக அமர வேண்டிய நாளில் இங்கே ஆசிரியையாக நிற்க வேண்டும். நின்றால் சம்பளம் உண்டு. போனால் வேலையே ஐயம். ஷெங்கன் விசா விண்ணப்பத்துக்கு 2024 முதல் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. 'கோடை' என்ற சொல்லே இன்னொருவரின் பருவத்தைக் குறிக்கும்போது, 'தகுதியுள்ள எவரும் விண்ணப்பிக்கலாம்' என்ற வாசகத்துக்கு என்ன பொருள்?

சரி, அங்கே கற்பிக்கப்படுவது என்ன? இத்துறையில் தவிர்க்கவியலாத பெயர் கோஸ்டா எஸ்பிங்-ஆண்டர்சன். 1990இல் வெளிவந்த நூலில் அவர் பதினெட்டு வளர்ந்த நாடுகளை ஆராய்ந்து, நல அரசுகளை மூன்றாக வகுத்தார். வறியவர் என மெய்ப்பித்தவர்க்கு மட்டும் கைகொடுப்பது ஒன்று. தொழிலாளியின் சந்தாவை வைத்துக் காப்பீடு தருவது இன்னொன்று. குடிமக்கள் அனைவர்க்கும் பொதுவில் வழங்குவது மூன்றாவது. அந்தப் பதினெட்டில் ஆசிய நாடு ஜப்பான் மட்டுமே. இதை அவர்மீது குற்றமாகச் சொல்லவில்லை. ஆராய்ந்ததை அவர் சொன்னார். அந்த மூன்று பெட்டிகளுள் ஒன்றில் தமிழ்நாட்டைத் திணித்து, ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நிரப்பி எழுந்துபோகும் நம்மிடமே குற்றம் இருக்கிறது.

மேனாம்பேட்டின் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். தகப்பனார் தொழிற்பேட்டைப் பட்டறைத் தொழிலாளி. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இ.எஸ்.ஐ.க்குச் சந்தா பிடிக்கிறார்கள். 1883இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொடங்கிய காப்பீட்டு மரபின் வாரிசு அது. பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை. 1962இல் தமிழகத்தில் தொடங்கிய அத்திட்டம், ஆதரவற்றவர் என மெய்ப்பித்தால்தான் கைக்கு வரும். தாயார் வாங்கும் ரேஷன் அரிசிக்கோ வறுமைக்கோட்டுச் சான்று தேவையில்லை. எஸ்பிங்-ஆண்டர்சன் நாடு நாடாகப் பிரித்து வைத்த மூன்று உலகங்களும் இங்கே ஒரே கூரையின்கீழ் குடியிருக்கின்றன. இதை விளக்கும் கோட்பாட்டை எழுதவேண்டியவர் யார்?

அந்த நியாயவிலைக் கடையையே எடுத்துக்கொள்வோம். 1997இல் மைய அரசு, வறியவரைப் பிரித்து வழங்கும் முறைக்கு மாறியபோது, தமிழகம் பொது வழங்கலைக் கைவிடவில்லை. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்த பின்னும் அது தொடர்ந்தது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து, தெரிந்தெடுத்த பட்டியலில் பெயருள்ள பீகார்த் தொழிலாளியும், எந்தப் பட்டியலும் தேவைப்படாத உள்ளூர்க்காரரும் ஒரே கடை வாசலில் நிற்க முடிகிறது. இரண்டு கொள்கைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒப்பியலுக்கு இதைவிடத் தெளிவான களம் எது?

அப்படியானால் வெளியே போகவே வேண்டாமா? வேண்டும். தன் வீட்டைத் தானே முழுதாகப் பார்க்க இயலாது. காமராசர் 1956இல் தொடங்கியதையும் எம்.ஜி.ஆர். 1982இல் விரித்ததையும் மேடைதோறும் புகழ்கிறோம். பிரேசிலின் 2009ஆம் ஆண்டுச் சட்டமோ, பள்ளி உணவுக்கான மைய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு குடும்ப உழவர்களிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்று விதித்தது. நம் பிள்ளைகளின் தட்டில் விழும் பருப்பு எந்த உழவரிடமிருந்து வருகிறது என்ற கேள்வி, அதைப் படித்த பிறகுதான் நமக்கு உறைக்கும். ஒப்பீடு தரும் பயன், பெருமையன்று, கேள்வி.

போகிறவர் இரவலராகப் போகவேண்டியதில்லை. லண்டன் பொருளியல் பள்ளியின் சமூகக் கொள்கைத் துறை 1912இல் வேர்விட்டதே சர் ரத்தன் டாட்டா வழங்கிய நன்கொடையைக் கொண்டுதான். நம் தமிழ்த்துறையிலும் ஒரு முன்னோடி உண்டு. பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்யப்போன க. கைலாசபதி, சங்கப் பாடல்களைக் கையோடு கொண்டுபோய்க் கிரேக்க வீரயுகக் கவிதையின் அருகில் வைத்தார். ஆய்வு 1968இல் ஆங்கில நூலாயிற்று. மறு ஆண்டே 'ஒப்பியல் இலக்கியம்' தமிழில் வந்தது. கொண்டுபோகவும் அவரிடம் இருந்தது. கொண்டுவந்து தமிழில் சொல்லும் பொறுப்பும் இருந்தது.

இங்கேதான் சிற்றிதழ் வாசகர்களாகிய நம்மையும் கேட்கவேண்டியிருக்கிறது. அமைப்பியலையும் பின்நவீனத்துவத்தையும் தமிழில் பேசக் கலைச்சொற்களை உருவாக்கியவர்கள் நாம். ரேஷன் கடையைப் பேச ஏன் உருவாக்கவில்லை? அரிசி வரிசை நமக்குச் சிறுகதைக்கான பின்னணியாக மட்டுமே இருந்தது. சிந்தனைக்குரிய பொருளாக இருக்கவில்லை.

நாம் கேட்பவை இரண்டே. கோடைப் பள்ளிக்குத் தேர்வாகும் ஆய்வாளருக்கு, அவர் பணிபுரிவது தனியார் கல்லூரியானாலும், ஊதியத்துடன் விடுப்பும் பயணச் செலவும் கிடைக்க வழி செய்யுங்கள். நம் பல்கலைக்கழகங்கள் பூட்டிக்கிடக்கும் மே மாதத்தில் மூன்று வாரம் வகுப்பறைகளைத் திறந்து, தமிழிலேயே ஓர் ஒப்பியல் கோடைப் பள்ளி நடத்துங்கள். இலங்கையிலிருந்து அறிஞர்களை அழையுங்கள். அனைவர்க்குமான அரிசிப் பங்கீட்டை வைத்திருந்த அந்த நாடு, 1979இல் வறியோர்க்கு மட்டுமான உணவு முத்திரைக்கு மாறிய கதையை அவர்கள் தமிழிலேயே சொல்வார்கள். பொது வழங்கலை இழப்பது எப்படியிருக்கும் என்பதை, இழப்பதற்கு முன்பே நாம் அறிந்துகொள்ளலாம்.

இவற்றைச் செய்யாமல், விண்ணப்பப் படிவத்தோடு நிற்கும் மாணவியிடம் போ என்றும் போகாதே என்றும் சொல்ல நம்மில் எவருக்கும் உரிமையில்லை.