மட்டாஞ்சேரியில் தொடங்குவோம்

விடுமுறை நெருங்குகிறது. தீவு, மழைக்காடு, மலை மூன்றையும் ஒரே பயணத்தில் காணவேண்டும் என்ற பேச்சு விடுதியெங்கும் கேட்கிறது. மகிழ்ச்சி! ஆனால், ஆயத்தம் என்றதும் நாம் பேசுவது புதுக் காலணியையும் தோற்பையையும்தான். அவை போதுமா?

கொச்சியிலிருந்து மேற்கே கப்பலேறினால் இலட்சத்தீவு. வடக்கே அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு. கிழக்கே 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி. தீவுக்கு முன்கூட்டியே அனுமதிச்சீட்டு வேண்டும். ஆனைமுடி அடங்கிய இரவிகுளம் பூங்கா, வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வழக்கமாக மூடப்படும். அறியாது சென்றால் வாயிலோடு திரும்பலாம். பவளப்பாறையில் அறியாது கால் வைத்தாலோ, பல்லாண்டு வளர்ந்த உயிர் நொறுங்கும்!

1670களில் கொச்சியை ஆண்ட டச்சுத் தளபதி வான் ரீடு, மலபார்ச் செடிகளை அறிய விரும்பினார். அறிந்தவரைத் தேடினார். இட்டி அச்சுதன் என்ற வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோரும் சொல்லிக் கொடுத்தனர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ அந்தக் கேள்விகளின் விளைச்சல்.

நாமும் கேட்போம். முதற்பயணம் மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கே அமையட்டும். மிளகும் ஏலமும் எந்த மலையில், எந்த மழையில் விளைந்தன என்று வணிகரை வினவுவோம், குறித்துக்கொள்வோம். பெயர் அறியாதவனுக்குக் காடு வெறும் பச்சை. அறிந்தவனுக்கு அது சுற்றம். பையில் சுமையைக் குறைப்போம். நெஞ்சில் பெயர்களைச் சேர்ப்போம்!