‘டெஸ்பாசிட்டோ’ ரீமிக்ஸ்: மண்டபத்தில் ஓகே... யூடியூபில்?

கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷன். 2017-இல் உலகையே ஆட்டிவைத்த லூயிஸ் ஃபொன்சியின் ‘டெஸ்பாசிட்டோ’வைக் குத்து பீட்டில் கலந்து டிஜே போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யாருக்காவது காசு கட்டணுமா?

மண்டபத்தில் போடலாமா?

போடலாம். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 52(1)(இசட்ஏ) பிரிவு, கல்யாண ஊர்வலத்துக்கும் அதைச் சார்ந்த கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. கல்யாணத்தில் பாட்டு போட ராயல்டி கேட்கக் கூடாது என்று 2023 ஜூலையில் மத்திய அரசும் தெளிவுபடுத்தியது. டிக்கெட் போட்டு நடத்தும் நியூ இயர் பார்ட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது; அதற்கு லைசென்ஸ் வேணும்.

அப்போ ரீமிக்ஸ் பண்றது?

அது வேற கணக்கு. விலக்கு, விழாவில் ஒலிபரப்புவதற்கு மட்டும்தான். ஒரிஜினல் குரலை வெட்டி ஒட்டி வெளியிட, பாட்டை எழுதியவர்கள், ஒலிப்பதிவின் உரிமையாளர் என இரு தரப்பின் அனுமதியும் தேவை. 31சி பிரிவு அனுமதிக்கும் ‘கவர் வெர்ஷன்’ புதிதாகப் பாடிப் பதிவு செய்வதற்குத்தான். அதற்கும் 5 ஆண்டு கடந்திருக்கணும், முன்கூட்டியே ராயல்டி கட்டணும்.

ஸ்பானிஷ் பாட்டுதானே, யார் கேட்கப் போறாங்க?

பெர்ன் ஒப்பந்தப்படி வெளிநாட்டுப் பாடல்களுக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு. நடைமுறையில் கேட்பது ஆள் இல்லை, மெஷின். யூடியூபின் ‘கன்டென்ட் ஐடி’ பாட்டைக் கண்டுபிடித்தால், வருமானம் உரிமையாளருக்குப் போகலாம், வீடியோ முடக்கப்படலாம். 90 நாளில் 3 காப்பிரைட் ஸ்ட்ரைக் வந்தால் சேனலே போய்விடும். மண்டபத்தில் எடுத்த கல்யாண வீடியோவை அப்லோட் செய்தாலும் இதே சிக்கல்தான்.

பீட்டை மட்டும் எடுத்தா?

அதுவும் இப்போது கேள்விக்குறி. ரெகேடான் தாளத்தின் வேர், ஜமைக்காவின் ஸ்டீலி - கிளீவி 1989-இல் உருவாக்கிய ‘ஃபிஷ் மார்க்கெட்’ என்று அமெரிக்காவில் 2021-இல் வழக்குப் போடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அதில் சிக்கியுள்ளன. வழக்கைத் தள்ளுபடி செய்யும் கோரிக்கையை 2024 மே மாதம் நீதிபதி நிராகரித்தார். ஒரு தாளத்துக்கு உரிமையாளர் உண்டு என்று தீர்ப்பு வந்தால், அந்த ஒரு வகை இசை முழுவதும் கடன்பட்டதாகிவிடும்.

டிஜேக்கள் என்ன செய்யலாம்?

ரீமிக்ஸை மேடையோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. ஆன்லைனில் பேர் வாங்கணும்னா, ஊர் ஜமாப் கலைஞர்களுக்கு உரிய சம்பளம் கொடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, சொந்தத் தாளத்தைப் பதிவு செய்யலாம். அப்போது ஸ்ட்ரைக் பயம் இல்லை. வருகிற வருமானமும் ஊரிலேயே தங்கும்.