பஸ் ஸ்டாண்டு ரெடி, ரயில் எப்போ? சென்னையின் 25 ஆண்டு போக்குவரத்துத் திட்டம் எதைச் சரிசெய்யணும்?

2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் தென் மாவட்டங்களுக்குப் போகும் அரசுப் பேருந்துகள் கோயம்பேட்டில் இருந்து இங்கே மாற்றப்பட்டன. 88 ஏக்கரில் முனையம் பிரமாண்டமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்திலேயே தண்டவாளம் ஓடியும், ஏறி இறங்க ரயில் நிலையம் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க நடைமேம்பாலமும் இல்லை. மெட்ரோ, சுமார் 15 கி.மீ. முன்னாடியே விமான நிலையத்தில் நின்றுவிட்டது.

விளைவு? பெட்டி, குழந்தைகளோடு விடியற்காலையில் ஊரில் இருந்து வந்து இறங்கியவர்கள், வீட்டுக்குப் போக மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ தேட வேண்டியதாயிற்று.

இப்போது சென்னைக்கு 25 ஆண்டுகளுக்கான விரிவான போக்குவரத்துத் திட்டம் பேசப்படுகிறது. இதே சிக்கல் திரும்ப வராமல் அந்தத் திட்டம் தடுக்குமா? பார்க்கலாம்.

திட்டமே இல்லையா?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. சென்னைக்கான 2-வது மாஸ்டர் பிளான் 2008-ல் வந்தது. 2026 வரைக்குமான திட்டம் அது. அடுத்து 2027 முதல் 2046 வரைக்கான 3-வது மாஸ்டர் பிளான். இதற்கிடையே 1,189 சதுர கி.மீ. ஆக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதி, 2022-ல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தது. அரக்கோணம் பக்கமும் இதற்குள் வந்துவிட்டது.

பிரச்சனை திட்டத்தின் எண்ணிக்கையில் இல்லை. எது முதலில், எது அடுத்து, இரண்டையும் இணைப்பது யார் என்பதில்தான் இருக்கிறது.

யார் கையில் என்ன?

- மாநகரப் பேருந்து: மாநில அரசின் எம்.டி.சி.
- புறநகர் ரயில், பறக்கும் ரயில்: தெற்கு ரயில்வே, அதாவது மத்திய அரசு
- மெட்ரோ: மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம்
- பேருந்து முனையம்: சி.எம்.டி.ஏ.
- சாலைகள்: இடத்தைப் பொறுத்து மாநகராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம்

பயணிக்கு இது ஒரே பயணம்தான். அரசுக்கோ ஐந்தாறு அலுவலகம், ஐந்தாறு பட்ஜெட், ஐந்தாறு காலக்கெடு. ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாக முடித்தாலும், நடுவில் இருக்கும் 200 மீட்டர் யாருடைய வேலையும் இல்லாமல் போய்விடுகிறது.

பறக்கும் ரயில் இதற்கு இன்னொரு உதாரணம். 1995-ல் கடற்கரை - சேப்பாக்கம் இடையே ஓடத் தொடங்கி, 2007-ல் வேளச்சேரி வந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கி.மீ. அங்கே போனால் புறநகர் ரயில், மெட்ரோ இரண்டையும் பிடிக்கலாம். 2008-ல் வேலை தொடங்கியது. சுமார் 500 மீட்டர் தூரத்துக்கான நிலப் பிரச்சனையில் பல ஆண்டுகள் முடங்கியது. 2024 முடியும்போதும் அந்தப் பாதையில் பயணிகள் ரயில் ஓடவில்லை.

25 வருஷத்தை எப்படிக் கணிப்பார்கள்?

சிம்பிளாகச் சொன்னால் நான்கு கேள்விகள். ஒரு பகுதியில் இருந்து எத்தனை பேர் கிளம்புவார்கள்? எங்கே போவார்கள்? எதில் போவார்கள்? எந்த வழியாகப் போவார்கள்? வீடு வீடாக எடுக்கும் சர்வே, மக்கள் தொகை, வேலைவாய்ப்பு இவற்றை வைத்து வருங்காலத்துக்கான விடை கணக்கிடப்படும்.

இந்தக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் நில அனுமதிகள்தான். ஓ.எம்.ஆரையே எடுத்துக்கொள்ளுங்கள். டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது. அதன்பின் ஐ.டி. கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் சிறுசேரி வரை வரிசைகட்டின. ஆனால் அந்தச் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்ததோ 20 ஆண்டுகள் கழித்து, 2-ம் கட்டத் திட்டத்தில். நடுவில் ஒரு தலைமுறையே பைக்கும் காரும் வாங்கி, கடன் கட்டிப் பழகிவிட்டது. கையில் வண்டி இருப்பவரை மறுபடி பொதுப் போக்குவரத்துக்குக் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கும்டா என்ன செய்யுது?

இந்தத் துறைகளை ஒருங்கிணைக்கத்தான் 'கும்டா' எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் உருவானது. சட்டம் நிறைவேறியது 2010-ல். முதல்வர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். நடுவில் 12 ஆண்டுகள்! அந்த இடைவெளியில்தான் மெட்ரோ முதல் கட்டம் திறக்கப்பட்டது, 63,246 கோடி ரூபாயில் 118.9 கி.மீ. நீள 2-ம் கட்டமும் தொடங்கியது.

கும்டாவால் பலனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே கியூ.ஆர். டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்று' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. போனில் டிக்கெட் ஒன்றாகிவிட்டது. தரையில் பிளாட்பாரமும் பஸ் ஸ்டாப்பும் ஒன்றாக வேண்டும், அதுதான் கஷ்டமான பாதி. அதற்கு நிலமும் பணமும் வேண்டும், ரயில்வேயின் சம்மதமும் வேண்டும். மாநிலச் சட்டத்தில் உருவான ஓர் அமைப்பு மத்திய அரசின் ரயில்வேக்கு உத்தரவு போட முடியாது, பேசித்தான் சம்மதிக்க வைக்க முடியும்.

மற்ற ஊர்களில் எப்படி?

சிங்கப்பூரில் சாலை, ரயில், வாகனப் பதிவு எனத் தனித்தனியாக இருந்த நான்கு அமைப்புகளை 1995-லேயே ஒன்றாக்கி, தரைவழிப் போக்குவரத்து ஆணையத்தை அமைத்தார்கள். அதன் 2040 திட்டத்தின் இலக்கு 'இத்தனை கி.மீ. ரயில் பாதை' என்பதல்ல. நெரிசல் நேரத்தில் நடந்தோ, சைக்கிளிலோ, பேருந்து, ரயிலிலோ போகும் 10 பயணங்களில் 9 பயணம் 45 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்பதே இலக்கு. சிங்கப்பூர் ஒரே அரசு நடத்தும் சின்ன நாடு, அதன் அமைப்பை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் நிமிடத்தில் இலக்கு வைப்பதை நாமும் செய்யலாம். பாலம் திறந்தால் போதாது, பயணி எவ்வளவு நேரத்தில் வீடு சேர்ந்தார் என்று பார்க்க வேண்டிவரும்.

இனி எதைக் கவனிக்கணும்?

25 ஆண்டுத் திட்டம் என்றதும் எத்தனை லட்சம் கோடி, எத்தனை புது மெட்ரோ பாதை என்றுதான் தலைப்புச் செய்தி வரும். அதைத் தாண்டி மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்.

1. புதிய முனையமோ தொழிற்பேட்டையோ திறக்கும் நாளிலேயே, அங்கே போக பேருந்தும் நடைபாதையும் இருக்குமா?
2. இணைப்பு வேலைகளுக்குத் தனி நிதியும், பொறுப்பான துறையின் பெயரும் திட்டத்தில் இருக்கிறதா?
3. மெட்ரோ வர பத்து வருஷம் ஆகும் பகுதிகளுக்கு, இப்போதைக்கு எத்தனை கூடுதல் பேருந்து?

மூன்றாவது கேள்வி முக்கியமானது. மெட்ரோ பாதைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பேருந்தைச் சில மாதங்களிலேயே இறக்கிவிடலாம். அரக்கோணம் வரை விரிந்த பெருநகரத்தில் மெட்ரோ எட்டாத ஊர்களே அதிகம்.

அடுத்த பெரிய சோதனை பரந்தூர். விமான நிலையத்துக்கு நிலம் தர எதிர்ப்பு தெரிவித்து அங்குள்ள கிராம மக்கள் நீண்டகாலமாகப் போராடி வருகிறார்கள். இன்னொரு பக்கம், பூந்தமல்லியில் இருந்து பரந்தூர் வரை மெட்ரோ கொண்டுபோகவும் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. விமான நிலையம் வருவதாக இருந்தால், முதல் விமானம் இறங்கும் நாளில் அங்கே ரயில் ஓடுமா, இல்லை, கிளாம்பாக்கம் மாதிரி 'அப்புறம் வரும்' என்பார்களா? அதற்கான பதில் 25 ஆண்டுத் திட்டத்தில் தேதியோடு இருக்க வேண்டும்.